காசு கேட்காத பெட்டி

அத்தியாயம் 6

உண்மையை எந்தச் சுவரும் சிறை வைக்க முடியாது. அது காற்றைப் போல, ஒளியைப் போல, கிடைத்த இடுக்கில் நுழைந்து வெளியே வந்தே தீரும். செங்கல்பட்டு துப்பறியும் நிபுணர் திருநாவுக்கரசு தம் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டு வைத்திருக்கும் வாசகம் இது. அதை எழுதியவர் அன்று பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட் ஒன்றில், ஆறடி உயர விளையாட்டுப் பெட்டிக்குள், முழங்கால் இரண்டும் தாடையில் முட்ட உட்கார்ந்திருந்தார். இடுக்கு ஒன்று இருக்கத்தான் செய்தது. காசு போடும் ஓட்டை. அதில் அவருடைய சுண்டுவிரல் நுனி மட்டும் நுழைந்தது.

"அம்சா," என்றார் ஓட்டையிடம்.

"சொல்லு சார்," என்றது வெளியிலிருந்து அவருடைய உதவியாளரின் குரல்.

"நான் வெளிய வரணும்."

"வர முடியாது. பின்னாடி கதவுக்கு நேரா செவுரு கீது. இப்பத்தான் ரெண்டு பேரு வந்து பொட்டிய செவுத்தோட ஒட்டித் தள்ளிட்டுப் போனாங்க. ஓனரு ஆர்டராம். விருந்தாளி வரச்சொல்ல பின்பக்கம் தெரியக்கூடாதாம்."

"நீ தடுக்கலையா?"

"இன்னா சொல்லித் தடுக்கறது? உள்ள எங்க சாரு கீறாரு, பார்த்துத் தள்ளுங்கன்னா?"

பதில் சொல்ல மூச்சு வேண்டும். மூச்சுக்கு இடம் வேண்டும். அவர் எடை எண்பத்தெட்டு கிலோ.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு பெயர்ப்பலகை.

செங்கல்பட்டு ராட்டிணங்கிணறு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், 'அரசு துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை தொங்குகிறது. திருநாவுக்கரசு என்ற பெயரின் கடைசிப் பகுதிதான் அந்த 'அரசு'. முழுப்பெயரும் எழுதப் பலகையில் இடமில்லை என்பது அவர் தரும் விளக்கம். அதன் பயனாகப் பட்டா கேட்டும், முதியோர் பென்ஷன் கேட்டும், சாதிச் சான்றிதழ் கேட்டும் மாடியேறி வருகிறவர்களைத் தாலுகா ஆபீஸுக்குத் திருப்பி அனுப்புவதே அம்சாவின் அன்றாட வேலை. அன்று காலை வந்த தமிழ்ச்செல்வியையும் அப்படித்தான் திருப்பப் பார்த்தாள்.

தமிழ்ச்செல்வி நகரவில்லை. கருங்குழியிலிருந்து வந்திருந்தாள். அவள் புருஷன் வெங்கடேசன் இந்த ரிசார்ட்டில் எலெக்ட்ரிஷியன். ஓனர் அவன்மேல் திருட்டுப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்குள் சப்-இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்து அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார். அடுத்த வாரம் அவன் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை. மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை முடிவாகி, டிக்கெட் தேதிகூடச் சொல்லிவிட்டார்கள்.

"கேஸுன்னு ஒண்ணு எழுதிட்டாங்கன்னா பாஸ்போர்ட் அவ்ளோதான் மேடம். எட்டு வருஷமா இதுக்காகத்தான் அலைஞ்சிகினு கீறாரு. கவர்மெண்டே துப்பறிஞ்சா அவங்க நம்பித்தானே ஆவணும்?"

இது கவர்மெண்ட் இல்லை என்று சொல்ல அம்சா வாயைத் திறந்தாள். அதற்குள் திருநாவுக்கரசு எழுந்து நின்று, "கவலைப்படாதே அம்மா, அரசு உன் பக்கம்," என்று சொல்லிவிட்டார். அவர் தம்மைத்தான் சொன்னார்.

ரிசார்ட் வாசலிலும் அதே வார்த்தை வேலை செய்தது. "அரசு துப்பறியும் நிலையம்," என்றதும் காவலாளி சல்யூட் அடித்து, கேட்டைத் திறந்து, விளையாட்டு அறை வரைக்கும் கொண்டு வந்து விட்டுப்போனான்.

ரிசார்ட்டின் பெயர் பல்லவா பே ரிட்ரீட். உரிமையாளர் லக்ஷ்மிநாராயணனுக்குச் சரித்திரத்தில் அபார பக்தி. நீச்சல்குளத்துக்கு மகேந்திரா, சாப்பாட்டுக்கூடத்துக்கு நரசிம்மா, கழிப்பறைக் கதவுகளுக்குப் பல்லவன், பல்லவி. விளையாட்டு அறைக்கு ராஜசிம்மா அரங்கம் என்று பெயர். அதன் நடுநாயகமாக, சிவப்புக் கயிறு கட்டி, மேலே விளக்குப் போட்டு நிறுத்தியிருந்த பெட்டிதான் இப்போது திருநாவுக்கரசின் ஜாகை.

அந்தக் காலத்துப் பொருட்காட்சிகளில் காசு போட்டு, நின்றபடி ஸ்டிக்கை ஆட்டி விளையாடுவார்களே, அந்த ஆர்கேட் பெட்டி. புகாரின் நகலை அம்சா வாங்கி வைத்திருந்தாள். அதன்படி, இது 1984-ல் ஜப்பானில் செய்யப்பட்டது. இந்தியாவில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இதன் மூளையான சர்க்யூட் போர்டை நேற்று வெங்கடேசன் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில், வீட்டு டிவியில் சொருகி ஆடுகிற சாதாரண கேம் கன்சோல் ஒன்றைத் தன் கையால் இணைத்து, ஒன்றும் நடக்காதது போல மூடி வைத்துவிட்டான்.

வெங்கடேசன் மனைவியிடம் சொன்ன கதை வேறு. கன்சோலை மூன்று மாதத்துக்கு முன் ஓனரே கையில் கொடுத்து, "இதை இந்தப் பெட்டியில் ஓடவை," என்றாராம். ஸ்டிக்கின் ஒயர், பட்டன்களின் ஒயர் எல்லாவற்றையும் தீப்பெட்டி அளவு போர்டு ஒன்றில் சேர்த்து, அங்கிருந்து ஒரே ஒரு யூஎஸ்பி ஒயரைக் கன்சோலில் சொருகினானாம். ஜப்பான் போர்டு என்று எதையும் அவன் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சாட்சி? யாருமில்லை. ஓனர் அந்த வேலையை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்யச் சொல்லியிருந்தார்.

யார் சொல்வது உண்மை என்று உள்ளே பார்த்தால் தெரிந்துவிடும். திருநாவுக்கரசு பார்ப்பதற்காகப் பின்கதவைத் திறந்து தலையை நீட்டினார். தலை போன இடத்துக்கு மற்றதும் போயிற்று. ஆள் வரும் சத்தம் கேட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மீதி உங்களுக்குத் தெரியும்.

"சார், ஒரு விசயம்," என்றாள் அம்சா. ஏசியின் கீழ் நின்று, ஸ்டிக்கை ஆட்டி ஒரு விண்கலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். "இந்தப் பொட்டி காசே கேக்கல."

"என்னது?"

"அச்சரப்பாக்கம் பொருட்காட்சில சின்ன வயசுல பார்த்திருக்கேன். காசு போடு, காசு போடுன்னு கண்ணடிச்சிகினே இருக்கும். காசு போடாங்காட்டி ஒரு பட்டனும் அசையாது. இது இன்னாடான்னா ஸ்டார்ட் அமுக்கு, ஸ்டார்ட் அமுக்குன்னு கெஞ்சுது. போட்டுத்தான் பார்க்கலாமே."

"வேண்டாம், நான்..."

அஞ்சு ரூபாய் நாணயம் ஓட்டை வழியே வந்து திருநாவுக்கரசின் மூக்கில் விழுந்தது.

"இன்னா சார் ஆச்சு? காசு ஏத்துகிச்சா?"

"என் மூக்கு ஏத்துக்கிச்சு. காசு விழற டப்பா எதுவுமே இங்க கிடையாது."

"அப்ப வூட்டு மிஷின்தான். கடையில வச்ச மிஷின்னா காசு கேக்கும். வூட்டுல ஆடற புள்ளகிட்ட எந்தப் பெத்தவளாவது காசு கேப்பாளா?"

"அம்சா, இதுல நமக்கு ஒரு லாபமும் இல்லை. இப்ப உள்ள இருக்கிறது கன்சோல்னு ஓனரே புகார்ல எழுதியிருக்காரு. நேத்து வரைக்கும் போர்டு இருந்ததா, இல்ல ஆரம்பத்துலேருந்தே கன்சோல்தானா? அதைத்தான் நாம நிரூபிக்கணும்."

செல்போன் டார்ச்சை அடித்தார். சார்ஜ் பதினோரு சதவீதம். முகத்துக்கு நேரே ஒரு தட்டில் கன்சோல் உட்கார்ந்திருந்தது. அதன் விசிறி தன் வெப்பத்தையெல்லாம் அவர் கழுத்தில் ஊதிக்கொண்டிருந்தது. தட்டைச் சுற்றி நாலு பக்கமும் மரச்சட்டம். கன்சோலின் நீள அகலத்துக்குச் சரியாக, வீட்டில் மிக்ஸிக்குப் பலகை அடிப்பது போல, அளவெடுத்து அடித்தது. சட்டத்தின்மேல் கறுப்புப் பெயிண்ட். அந்தப் பெயிண்ட் விட்டுப்போகாமல் பக்கத்துப் பலகையிலும் ஓடியது. மூலையில் ஒரு சிலந்தி குடித்தனம் நடத்தி முடித்துக் காலிசெய்து போயிருந்தது.

"இந்தத் தட்டை நேத்து செய்யல அம்சா. பெட்டி செய்யும்போதே கன்சோலுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சிருக்கான். அது மட்டுமில்ல. போர்டு ஒண்ணு இருந்திருந்தா நாலு ஸ்க்ரூ ஓட்டையாவது இருக்கணும். ஒரு குண்டூசி ஓட்டைகூட இல்லை."

"அதெல்லாம் சரி. நீங்க எப்படி சார் உள்ள பத்துனீங்க? அந்தக் காலத்து டிவி பின்னாடி பூசணிக்கா மாதிரி இருக்குமே."

ஓட்டையில் டார்ச் வெளிச்சம் மேலும் கீழும் ஓடியது. பிறகு, சந்நிதியில் வாக்குக் கேட்டவர் போன்ற குரல் வந்தது.

"1984 மாடல்னா குண்டு டிவி இருக்கணும். இருந்தா அதோட பின்பக்கம் நான் உக்காந்திருக்கிற இடத்துலதான் இருக்கும். நான் உக்காந்திருக்கேன். ஆகவே டிவி இல்லை. மேல பார்த்தா ரெண்டு விரல் கனத்துல தட்டை டிவி. அம்சா, நானே ஒரு க்ளூ!"

"எண்பத்தெட்டு கிலோவுல ஒரு க்ளூ நம்ம ஆபீஸ் வரலாறுலயே கெடைச்சதில்ல சார். ஆனா கோர்ட்டுல எப்படித் தூக்கினு போயி வைக்கிறது?"

அதற்குள் வெளியே காலடிச் சத்தம். அம்சா ஓட்டையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

முதலில் லக்ஷ்மிநாராயணனின் குரல் உள்ளே வந்தது. பின்னால்தான் அவர் வந்தார். பட்டு ஜிப்பா, கழுத்தில் ஒரு சால்வை. பொன்னாடை போர்த்த யாரும் வராத நாள்களுக்கென்று தாமே வைத்திருப்பது. அவருக்குப் பின்னால் சென்னையிலிருந்து வந்திருந்த ஜாக்குலின். பழைய விளையாட்டு இயந்திரங்களைத் தேடிப்பிடித்துப் பட்டியல் எழுதும் சங்கம் ஒன்றின் செயலாளர். அடுத்து, சப்-இன்ஸ்பெக்டர் ஜெகதாம்பாள், கையில் மடித்த புகாரோடு. கடைசியில் வெங்கடேசன். அவனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான்.

அம்சாவை லக்ஷ்மிநாராயணன் ஜாக்குலினுடன் வந்தவள் என்று நினைத்து வணங்கினார். ஜாக்குலின் அவளை ரிசார்ட் ஊழியர் என்று நினைத்துத் தலையசைத்தாள். இருவரையும் ஏமாற்ற விரும்பாத அம்சா இருவருக்கும் பதில் வணக்கம் வைத்தாள்.

"அம்மணி," என்று லக்ஷ்மிநாராயணன் தொடங்கினார். "இது வெறும் பெட்டியல்ல. ஒரு நாகரிகம். கல்லிலே பல்லவன் செய்ததை, மரத்திலே ஜப்பானியன் செய்திருக்கிறான். கடல் கடந்து இது என்னைத் தேடி வந்தது. இதன் இருதயத்தை இதோ இந்தப் பாவி பிடுங்கிவிட்டான்."

"போன மாசம் நான் போன்ல கேட்டப்பவே போர்டு ஃபோட்டோ ஒண்ணு அனுப்புங்கன்னு சொன்னேனே சார்," என்றாள் ஜாக்குலின். "அது இருந்தாலாவது என்ன மாடல்னு எழுதிக்குவேன்."

"தெய்வத்தைப் படம் பிடிக்கலாமா என்று விட்டுவிட்டேன்."

ஜெகதாம்பாள் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். காலையிலிருந்து கோவளம் பக்கம் ஏதோ பந்தோபஸ்து. "உன் பக்கம் என்னப்பா சொல்ற?" என்றார் வெங்கடேசனிடம்.

"நான் எடுக்கல மேடம். உள்ள எடுக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அவருதான் குடுத்தாரு, நான் கனெக்சன் குடுத்தேன்."

"குடுத்ததுக்கு எழுத்து ஏதாவது இருக்கா?"

வெங்கடேசன் இல்லையென்று தலையாட்டினான்.

பெட்டிக்குள் திருநாவுக்கரசுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கச் சட்டைகூட உடம்பில் இல்லை. தலையை மட்டும் அண்ணாந்தார். டார்ச் வெளிச்சம் மேல்பலகையில் விழுந்தது. அங்கே கண்டதை அவர் இரண்டு முறை பார்த்தார். பிறகு கையை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் படம் எடுத்தார். சார்ஜ் ஆறு சதவீதம். அனுப்பினார். கூடவே தட்டினார்: 'மேல் எழுத்து மட்டும் அவரிடம் காட்டு. என்ன எழுத்து என்று கேள். கீழே இருப்பதைக் காட்டாதே.'

அம்சாவின் போன் கிணுகிணுத்தது. படத்தைப் பார்த்தாள். இருமல் வந்தது போல முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். விரல்களால் படத்தைப் பெரிதாக்கி, பணிவாக நீட்டினாள்.

"ஐயா, பொட்டிக்குள்ள பலகையில இந்த எழுத்து இருக்குது. ஜப்பான் எழுத்துங்களா?"

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். திரையில் ஒரே ஒரு எழுத்து. சுழித்து, வாலை நீட்டி, பென்சிலில் கனமாகப் போட்டது. அவர் முகம் மலர்ந்தது.

"சந்தேகமென்ன? ஜப்பானிய எழுத்தேதான். 'ரியூ' என்று வாசிக்க வேண்டும். டிராகன் என்று பொருள். அங்கே தலைமைக் கைவினைஞர் மட்டுமே இதை எழுதலாம். மூன்று நாள் விரதமிருந்து எழுதுவார்."

"எனக்கும் காட்டுங்க," என்றார் ஜெகதாம்பாள். போனை வாங்கிப் பார்த்தார். பின் லக்ஷ்மிநாராயணனைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"சார், இது நான் தினமும் டைரியில தேதிக்கு மேல போடுறது."

"தாங்கள் ஜப்பானிய மொழி..."

"பிள்ளையார் சுழி சார் இது."

அம்சா கையை நீட்டித் திரையைக் கீழே தள்ளினாள். சுழிக்குக் கீழே ஒரு மஞ்சள் பொட்டு. அதற்கும் கீழே, அதே பென்சிலில், தச்சர் கையெழுத்தில் இரண்டு வரி: 'மேல் பலகை. வலது பக்கம். ரிசார்ட் ஐயா மழைக்கு முன்ன கேட்டாரு.'

"உள்ள கீற தட்டுகூட கன்சோலுக்கு அளவெடுத்து அடிச்சதுதான்," என்றாள் அம்சா.

"ஜப்பான்ல பிள்ளையார் ரொம்ப விசேஷமா சார்?" என்றாள் ஜாக்குலின், கையிலிருந்த பேனாவை மூடிக்கொண்டே.

பெட்டிக்குள் ஒரு துப்பறியும் நிபுணர் சத்தமில்லாமல் சிரித்தார். வழக்கு முடிந்தது என்று நினைத்தார். இடுப்பு வலி அடங்கியது போலக்கூட இருந்தது.

லக்ஷ்மிநாராயணனை அவர் சரியாக எடைபோடவில்லை. சால்வை அணிந்தவர்கள் விழும்போதும் நின்றவாக்கில்தான் விழுவார்கள்.

"ஐயோ!" என்று அவர் நெஞ்சில் கை வைத்தார். "அப்படியானால் நானும் ஏமாற்றப்பட்டிருக்கிறேன்! போன வருஷம் பழைய பெட்டி நைந்துபோய்விட்டதென்று உள்ளூர்த் தச்சரிடம் கொடுத்துப் பலகை மட்டும் மாற்றினேன்; அதை மறந்தே போனேன். ஆனால் அம்மணி, பலகை யார் செய்தால் என்ன? தட்டு எந்த அளவில் இருந்தால் என்ன? உள்ளே இருந்தது ஜப்பான் போர்டு. இவன் அதை எடுத்தான். தன் கன்சோலை வைத்தான். உறை மாறினால் வாள் மாறுமா?"

ஜெகதாம்பாள் யோசித்தார். "அதுவும் சரிதான். பெட்டி எங்க செஞ்சதுன்னு நான் கேக்கல. உள்ள இருந்ததை எடுத்தது யாருன்னுதான் புகார்." புகாரைப் பிரித்தார். "கிளம்புப்பா. ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

வெங்கடேசன் எழுந்தான். எழும்போது நாற்காலி சாய்ந்தது. அதை நிமிர்த்தி, சுவரோரம் ஒழுங்காக வைத்தான். "மேடம், வூட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கலாமா?" என்றான். "மஸ்கட்டுன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா."

ஸ்டிக்கை விட்டுவிட்டு அம்சா ஓட்டைப் பக்கம் குனிந்தாள். "சார், கூட்டினு போறாங்கோ," என்று கிசுகிசுத்தாள். "வேற ஏதாச்சும் கீதா?"

உள்ளே வேறு ஏதும் இல்லை. சுழி இருந்தது, சட்டம் இருந்தது, சிலந்தி வலை இருந்தது, எண்பத்தெட்டு கிலோ இருந்தது. அத்தனைக்கும் அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டார். டார்ச் அணைந்தது, சார்ஜ் தீர்ந்துவிட்டது. இருட்டில் திருநாவுக்கரசு முதல் முறையாகப் பயந்தார். முன்னால் பலகை, பின்னால் சுவர், பக்கங்களில் ஒயர். தாம் கத்தினால் அத்துமீறி நுழைந்ததாக இரண்டாவது புகார் எழுதப்படும். கத்தாவிட்டால் வெங்கடேசன் ஸ்டேஷனுக்குப் போய்விடுவான். கத்தத்தான் வேண்டும் என்று முடிவு செய்து காலை உதைத்து நிமிர்ந்தார். முழங்காலில் எதுவோ மாட்டி, 'டக்'கென்று பிடுங்கிக்கொண்டது.

வெளியே இசை நின்றது. விண்கலம் உறைந்தது. திரை இருண்டு, நடுவில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: கன்ட்ரோலர் இணைப்பில் இல்லை.

"என்னாச்சு?" என்று ஜெகதாம்பாள் வாசலில் நின்று திரும்பினார்.

"யூஎஸ்பி ஒயரு கழண்டுகிச்சு மேடம்," என்றான் வெங்கடேசன். தொழில் அவனையறியாமல் பேசியது. "மறுபடி சொருகுனா சரியாயிடும்."

பெட்டிக்குள் இதைக் கேட்ட திருநாவுக்கரசு இருட்டில் துழாவினார். ஒயரின் நுனி கிடைத்தது. கன்சோலின் வாய் கிடைத்தது. யூஎஸ்பி ஒயரை முதல் தடவையே சரியாகச் சொருகியவர் யாரும் இதுவரை இல்லை. அவர் மூன்றாவது தடவை சொருகினார்.

திரை வெளிச்சமானது. கன்சோல் தூங்கி எழுந்த பிள்ளை போல ஆரம்பத்திலிருந்து தொடங்கியது. யார் ஆடப்போகிறீர்கள் என்று கேட்டது. கீழே, தன்னிடம் பதிந்து வைத்திருந்த ஆட்டக்காரர்களின் பெயர்களைக் காட்டியது. இரண்டே பேர்.

ஒன்று, சிநேகா. மற்றொன்று, அப்பா.

அம்சா திரையைப் பார்த்தாள். பிறகு வெங்கடேசனைப் பார்த்தாள். "அண்ணாத்த, உனக்குப் பொண்ணு கீதா?"

"ஒரே பையன்தான். மூணு வயசு."

"ஜாக்குலின் மேடம், சிநேகான்னு இங்க யாராச்சும்..."

"ஏன் இல்ல?" என்றாள் ஜாக்குலின் மெதுவாக. "வாசல்ல எனக்குப் பூங்கொத்து குடுத்தாங்களே. சாரோட பொண்ணு."

லக்ஷ்மிநாராயணன் சால்வையைச் சரிசெய்தார். சால்வை சரியாகத்தான் இருந்தது.

"வூட்டு மிஷின்ல இதான் மேடம் பேஜாரு," என்றாள் அம்சா சப்-இன்ஸ்பெக்டரிடம். "காசு கேக்காது. ஆனா யாரு வூட்டுது, யாரு ஆடுனான்னு பேரு எழுதி வச்சிக்கும். இவரு நேத்து தன் கன்சோல கொண்டாந்து வச்சாருன்னா, அதுல ஓனரு பொண்ணு எப்படி வந்து குந்திகிச்சு?"

"பெயர் ஒற்றுமை," என்றார் லக்ஷ்மிநாராயணன். "நாட்டில் எத்தனையோ சிநேகா. எத்தனையோ அப்பா."

அம்சா ஸ்டிக்கை ஒரு தட்டுத் தட்டி 'அப்பா'வின்மேல் நிறுத்தி, பட்டனை அமுக்கினாள். படம் ஒன்று விரிந்தது. பட்டு ஜிப்பா, சால்வை, கும்பிட்ட கை. அதன் பக்கத்தில் விவரம். கணக்குத் தொடங்கியது இரண்டு வருஷத்துக்கு முன். ஆடிய நேரம் முந்நூற்றுப் பன்னிரண்டு மணி. எட்டிய கட்டம், ஒன்று.

"முந்நூறு மணி நேரத்துல ஒரு லெவல்கூடத் தாண்டலையா சார்?" என்றார் ஜெகதாம்பாள். அன்றைக்கு அவர் கேட்டதிலேயே உண்மையான அக்கறையோடு கேட்ட கேள்வி அதுதான்.

லக்ஷ்மிநாராயணன் வெங்கடேசன் ஒழுங்காக வைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சில் செந்தமிழ் போய்விட்டது.

"பெட்டி அச்சரப்பாக்கத்துல செஞ்சதும்மா. கட்டில், பீரோ செய்றவர். போர்டெல்லாம் எப்பவும் இல்ல. சும்மா வர்றவங்ககிட்ட ஜப்பான்னு சொல்லிட்டிருந்தேன். இவங்க பட்டியல்ல எழுதறேன்னாங்க, சந்தோஷமா இருந்துச்சு. திறந்து காட்டுங்கன்னு கேப்பாங்கன்னு யாரு நினைச்சா? திருடு போச்சுன்னா திறக்க வேண்டாமேன்னு..."

"திருடுன்னா திருடன் வேணுமே," என்றார் ஜெகதாம்பாள்.

"உள்ள கைவெச்சது இவன் ஒருத்தன்தான்."

ஜெகதாம்பாள் புகாரை நாலாக மடித்து அவர் மடியில் வைத்தார். "இதை நான் இன்னும் பதிவு பண்ணல. நீங்களே கிழிச்சிடுங்க சார். நான் கிழிச்சா, எதுக்குக் கிழிச்சேன்னு பொய்ப் புகார் கேஸ் ஒண்ணு எழுத வேண்டி வரும்." கிழியும் சத்தம் கேட்கும்வரை நின்றார். பிறகு வெங்கடேசன் பக்கம் திரும்பி, "பாஸ்போர்ட் விசாரணை உங்க ஊர் ஸ்டேஷன்லதானே? ஆதார் ஒரிஜினல் எடுத்துட்டுப் போ," என்றார்.

வெங்கடேசன் ஓரமாகப் போனான். செல்போனை எடுத்து மனைவியின் நம்பரைப் போட்டான். எதிர்முனையில் எடுத்ததும், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, சாப்டியா?" என்று மட்டும் சொன்னான்.

இந்த நேரத்தில் பெட்டி பேசியது.

"அன்பர்களே! உண்மையை எந்தச் சுவரும் சிறை வைக்க முடியாது!"

லக்ஷ்மிநாராயணன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஜாக்குலின் பேனாவைக் கீழே போட்டாள். ஜெகதாம்பாளின் கை லத்திக்குப் போயிற்று.

"பயப்படாதீங்க மேடம், எங்க சாரு," என்றாள் அம்சா. "அரசு துப்பறியும் நிலையம். மூணு மணிலேருந்து உள்ள கீறாரு."

"எந்த அரசு?" என்றார் ஜெகதாம்பாள்.

"அத வெளிய வந்ததும் அவரே சொல்லுவாரு."

நாலு ஊழியர்களைக் கூப்பிட்டார்கள். சிவப்புக் கயிற்றை அவிழ்த்து, பெட்டியை இரண்டு பக்கமும் பிடித்து முன்னால் இழுத்தார்கள். முன்பு அவரோடு சேர்த்தே இரண்டு பேர் தள்ளிய பெட்டி இப்போது நாலு பேருக்கு அசையவில்லை. அடியில் ஒரு சக்கரம் உடைந்து தரையில் பதிந்துவிட்டது. உள்ளேயிருந்து, மெதுவாக, மெதுவாக என்று ஒரு குரல் மேற்பார்வை செய்துகொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டு வெங்கடேசன் வந்து பார்த்தான். "ஏன்யா இழுக்கறீங்க?" என்றான். ஓட்டையருகே குனிந்தான். "சார், உங்க வலது கைப்பக்கம் தோளு உசரத்துல ஒரு கொக்கி இருக்குது பாருங்க. மேல தூக்குனா முன்பலகை தானா திறந்துக்கும். வேலை செய்யச்சொல்ல உள்ளேர்ந்து வர்றதுக்கு நான்தான் மாட்டுனேன்."

பெட்டிக்குள் வலது தோள் பக்கம் ஒரு கை துழாவியது.

அந்தக் கொக்கியில்தான், புழுக்கம் தாங்காமல் மூன்று இருபதுக்குக் கழற்றி மாட்டிய திருநாவுக்கரசின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.